ஷானன் எல்லையைத் தொட்டாகிவிட்டது, இனி கோடிங் தியரியில் என்ன மிச்சம்?

மின்மினி

எல்லோருக்கும் வணக்கம். தகவல் தொடர்பியலில் முதுகலை கடைசி ஆண்டு. முனைவர் பட்டத்துக்குப் பிழைதிருத்தக் குறியீடுகளில் (வழியில் கெட்ட பிட்டுகளை வாங்குகிறவரே திருத்திக்கொள்ளும்படி செய்தியை மாற்றி அனுப்பும் வழிகள், அந்தத் துறைதான் கோடிங் தியரி) ஏதாவது செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதுக்குள் வைத்திருந்தேன். போன வாரம்தான் வழிகாட்டியிடம் வாய் திறந்தேன். அவர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "அது முடிந்துபோன துறை. எல்லையைத் தொட்டாகிவிட்டது, 5ஜி தரநிலைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. நீ புதிதாக என்ன செய்யப் போகிறாய்?"

அதைப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. ஒரு சேனலில் (செய்தி போகும் பாதையில்) இவ்வளவு இரைச்சல் இருந்தால் இந்த வேகத்துக்கு மேல் பிழையில்லாமல் அனுப்பவே முடியாது என்று 1948-இல் ஷானன் கோடு கிழித்தார். 2001-இல் சுங், ஃபோர்னி, ரிச்சர்ட்சன், அர்பாங்கே நால்வரும் எழுதிய கட்டுரையில் அந்தக் கோட்டுக்கு 0.0045 டெசிபெல் வரை நெருங்கும் எல்டிபிசி குறியீட்டை (ஒவ்வொரு சரிபார்ப்பிலும் சில பிட்டுகள் மட்டுமே கலந்துகொள்ளும் வகை) காட்டிவிட்டார்கள். அதற்கு மேலும் நெருங்கி என்ன ஆகப் போகிறது? இதில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம்.

பழைய மோடம்

மின்மினி, உங்கள் வழிகாட்டி சொன்னதை 1971-லேயே சொல்லிவிட்டார்கள். ஃப்ளோரிடாவில் நடந்த ஒரு பயிலரங்கில் "கோடிங் செத்துவிட்டது" என்றே பேச்சு எழுந்தது. அப்போது அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, நல்ல குறியீடு கையில் இருந்தாலும் அதை டிகோடு செய்ய, அதாவது வந்ததிலிருந்து அசல் செய்தியைப் பிரித்தெடுக்க, வன்பொருள் இல்லை. கல்லாகர் எம்ஐடியில் 1960-இல் முனைவர் பட்ட ஆய்வாக எல்டிபிசியை எழுதி முடித்துவிட்டார். அந்தக் காலத்துக் கணினியில் அதை ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் முப்பது வருடத்துக்கு மேல் தூங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் மெக்கேயும் நீலும் மறுபடி தோண்டி எடுத்த பிறகுதான் உலகத்துக்கே அதன் மதிப்பு தெரிந்தது.

டர்போ குறியீட்டின் கதையும் இப்படித்தான். 1993, ஜெனீவா மாநாடு. பெரூ, கிளாவியூ, திதிமஜ்ஷிமா மூவரும் வந்து ஷானன் எல்லைக்கு 0.7 டெசிபெல் தூரத்தில் நிற்கிறோம் என்றார்கள். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை, எங்கேயோ கணக்கில் தப்பு நடந்திருக்கிறது என்றே நினைத்தார்கள். அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள், எண் சரியாகவே வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பெரூ இந்தத் துறைக்கு மின்னணுச் சுற்று வடிவமைப்பிலிருந்து வந்தவர். டர்போ டிகோடரின் சூட்சுமமான, வெளியீட்டை மறுபடி உள்ளீட்டுக்கு ஊட்டுவது, சுற்று வடிவமைக்கிறவருக்கு அன்றாட வேலை. கோடிங் தியரி புத்தகங்களில் அப்படி ஒரு பழக்கம் இல்லை.

சரி, உங்கள் 0.0045-க்கு வருகிறேன். அது பிளாக் (ஒரே தடவையில் குறியீடாக்கும் பிட் தொகுதி) எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம் என்று வைத்துக் கோட்பாட்டில் வரும் வாசல் மதிப்பு. அதே கட்டுரையில் சற்று எளிய குறியீட்டை வைத்து உண்மையில் ஓட்டிப் பார்த்தபோது 0.04 டெசிபெல், அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பிளாக் நீளம் ஒரு கோடி பிட். ஒரு கோடி! 5ஜி கட்டுப்பாட்டுச் செய்தியில் சில பத்து பிட்டுகள்தான் இருக்கும், அதையும் உடனே டிகோடு செய்தாக வேண்டும். அவ்வளவு குட்டிப் பிளாக்குக்கு ஷானன் எல்லை பொருந்தவே பொருந்தாது, அதற்கென்று தனியாகக் கணக்கு போட வேண்டியிருந்தது. பொலியான்ஸ்கி, பூர், வெர்டு மூவரும் 2010-இல்தான் அதை ஒழுங்காகப் போட்டார்கள். எல்லையைத் தொட்டாகிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் எந்தப் பிளாக் நீளத்தில் என்று முதலில் கேளுங்கள்.

அணிக்கோவை

பழைய மோடம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001-க்குப் பிறகு வந்தவற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஆரிக்கானின் போலார் குறியீடு. துருக்கியில் அங்காராவில் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து தனியாளாக எழுதிய கட்டுரை, 2009-இல் வெளிவந்தது. அவருடைய முனைவர் பட்ட வழிகாட்டி கல்லாகர்தான்.

கருத்து அவ்வளவு எளிமை. ஒரே மாதிரி இரைச்சல் உள்ள இரண்டு சேனல்களை எடுத்துக்கொண்டு முதல் பிட்டோடு இரண்டாவதைக் கூட்டி அனுப்பினால், ஒன்று சற்று மோசமாகவும் இன்னொன்று சற்று நல்லதாகவும் மாறும். அதையே மறுபடி மறுபடி செய்தால் கடைசியில் சேனல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும், ஒரு பக்கம் கிட்டத்தட்ட இரைச்சலே இல்லாதவை, மறுபக்கம் ஒன்றுக்கும் உதவாதவை. நல்லதில் தகவலை வை, கெட்டதில் பூஜ்யத்தை வை. ஷானன் தம் தேற்றத்தை நிறுவ சமவாய்ப்பில் எடுத்த குறியீடுகளின் சராசரியைத்தான் பார்த்தார், இதோ இந்தக் குறியீடு என்று கையில் எதையும் கொடுக்கவில்லை. பரவலான ஒரு சேனல் வகைக்கு, எல்லையைத் தொடும் என்று நிரூபணத்தோடு, எளிதாக டிகோடு செய்யவும் முடிகிற குறியீடு கைக்கு வர அறுபது வருடம் ஆயிற்று.

ஆனால் நடைமுறையில் முதலில் சுமாராகத்தான் ஓடியது. டாலும் வார்டியும் 2011-இல் பட்டியல் டிகோடிங்கை (ஒரே விடைக்குப் பதில் பல சாத்தியங்களைக் கையில் வைத்துக்கொண்டே போவது) கொண்டுவந்து, சில சரிபார்ப்பு பிட்டுகளையும் சேர்த்த பிறகு குட்டிப் பிளாக்குகளில் எல்டிபிசியையே முந்தியது. 2016 நவம்பரில் 5ஜி கட்டுப்பாட்டுச் சேனலுக்குத் தேர்வானது, டேட்டாவுக்கு எல்டிபிசி. ஒருவர் தனியாக எழுதிய கணிதக் கட்டுரை ஏழெட்டு வருடத்தில் உலகத் தரநிலைக்குள் போய், அங்கிருந்து 5ஜி கைபேசிகளிலும் போய்ச் சேர்ந்தது. செத்த துறையில் இப்படி நடக்காது.

கேள்விக்குறி

நான் மென்பொருள் ஆள், இந்தத் துறை எனக்குத் தூரம். ஒரே ஒரு கேள்வி. இப்போது நியூரல் நெட்வொர்க்கே டிகோடரைக் கற்றுக்கொள்கிறது என்கிறார்களே, இனி குறியீடு வடிவமைக்க ஆள் எதற்கு?

அணிக்கோவை

சேனலுக்குச் சரியான கணித மாதிரி இல்லாத இடத்தில் அது உண்மையிலேயே உதவுகிறது. குவாண்டம் சிப்பில் வரும் பிழைகளை டிகோடு செய்ய கூகுள் 2024-இல் வெளியிட்ட ஆல்ஃபாக்யூபிட் அப்படிப்பட்டதுதான். மாதிரி நன்றாகத் தெரிந்த சேனலில் சாதாரண டிகோடரைத் தாண்டுவது கடினம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கிராண்ட் என்ற வழி, மெடாரும் டஃபியும் கொண்டுவந்தது. பெரும்பாலான டிகோடர்கள் அனுப்பிய சொல் எது என்று தேடும். இது இரைச்சலைத் தேடும். பிழையே இல்லையா, ஒரு பிட் மாறியதா, இரண்டா என்று அதிக வாய்ப்புள்ள இரைச்சலிலிருந்து வரிசையாக ஊகித்து, ஒவ்வொன்றையும் கழித்துப் பார்த்து, மிச்சம் குறியீட்டுக்குள் விழுகிறதா என்று சோதிக்கும். விழுந்த இடத்தில் நிறுத்திவிடும். அதனால் எந்தக் குறியீட்டைக் கொடுத்தாலும் ஒரே டிகோடர் போதும். பிழை இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே பயன்பட்டு வந்த சரிபார்ப்பு பிட்டுகளை வைத்தே பிழையைத் திருத்தவும் முடிகிறது. 2021-இல் இதைச் சிப்பாகவே செய்து காட்டினார்கள்.

மறைசாவி

இவ்வளவு நேரம் எல்லோரும் சேனல் பக்கமே நிற்கிறீர்கள். மின்மினி, நான் என்கிரிப்ஷன் பக்கத்து ஆள், கோடிங் தெரிந்தவர்களைத் தேடித் தேடிச் சலித்தவன். உங்கள் வழிகாட்டி பார்க்காத வாசல் இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு தாளை எடுங்கள்.

ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்கள் வரையுங்கள், அ, ஆ, இ. ஏழு அறைகள் கிடைக்கும். ஹாமிங் 1950-இல் வெளியிட்ட குறியீடுதான் இது. நடுவில் மூன்றும் சேரும் அறையில் 1 எழுதுங்கள். அ-ஆ சேரும் இடத்தில் 0, அ-இ சேரும் இடத்தில் 1, ஆ-இ சேரும் இடத்தில் 1. தகவல் இவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி வெளி அறைகளை நிரப்புங்கள்: அ-வுக்கு 0, ஆ-வுக்கு 0, இ-க்கு 1. வழியில் அ-இ அறையில் இருந்த 1 கெட்டு 0 ஆகிவிட்டது என்று வையுங்கள். வாங்குகிறவர் எண்ணுகிறார். அ வட்டத்தில் ஒற்றைப்படை, ஆ சரியாக இருக்கிறது, இ-யில் ஒற்றைப்படை. அ-விலும் இ-யிலும் இருந்து ஆ-வில் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான். அதை மாற்றினால் முடிந்தது.

இப்போது அந்த வட்டங்களை அழித்துவிடுங்கள். ஏழு அறைகளையும் கலைத்துப் போட்டு, எந்த அறை எந்த வட்டத்தில் என்பதை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொடுப்பது, தகவலை ஏழு பிட்டாக மாற்றும் கலைந்த விதியை மட்டும். எனக்குச் செய்தி அனுப்புகிறவர் அந்த விதியால் மாற்றி, ஒரு பிட்டை வேண்டுமென்றே கெடுத்து அனுப்புகிறார். வட்டம் தெரிந்த நான் ஒரு நொடியில் திருத்திவிடுவேன், வட்டம் தெரியாதவர் திண்டாடுவார். ஏழு பிட்டுக்கு இது விளையாட்டு, யாரும் உடைத்துவிடலாம். மெக்லீஸ் 1978-இல் இதையே 1024 பிட் நீளக் கோப்பா குறியீட்டை வைத்து 50 பிழைகளைச் சேர்த்துச் செய்தார். இரைச்சல்தான் பூட்டு!

அந்த அளவை 2008-இல் பெர்ன்ஸ்டைன், லாங், பீட்டர்ஸ் உடைத்தார்கள், அளவைக் கூட்டியதும் மறுபடி நின்றுகொண்டது. அடித்தளம் இன்றுவரை அசையவில்லை. பரவலாகப் பயன்படும் பொதுச் சாவி முறையான ஆர்எஸ்ஏவுக்கு மெக்லீஸ் முறை ஒரு வருடம்தான் இளையது. ஷோர் 1994-இல் கண்டுபிடித்த குவாண்டம் கணினி வழி ஆர்எஸ்ஏவைத் தூளாக்கிவிடும், இதன் பக்கம் அந்த வழி செல்லாது. குறை ஒன்றுதான், ஊருக்குக் கொடுக்கும் பொதுச் சாவி பூதாகரம். இன்றைய மிகச் சிறிய அளவிலேயே 2,61,120 பைட்.

பழைய மோடம்

சாவியின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதை நான் நேரில் பார்த்தவன், அதைச் சொல்லிவிடுகிறேன். 2024 வசந்தத்தில் உலாவிகள் புதிய குவாண்டம்-தாங்கும் சாவிப் பரிமாற்றத்தைத் தானாகவே இயக்கத் தொடங்கின. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு வலையமைப்பில் திடீரென்று சில தளங்கள் மட்டும் திறக்காமல் நின்றன. எல்லாக் கணினியிலும் இல்லை, உலாவியைப் புதுப்பித்தவர்களுக்கு மட்டும். இரண்டு நாள் சான்றிதழ், டிஎன்எஸ் என்று எதையெதையோ சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன்.

முன்பு உலாவி அனுப்பும் முதல் வணக்கச் செய்தியில் சாவிக்கு 32 பைட் போதும். புதிதாக வந்த கைபர் 768-இல் (பிற்பாடு எம்எல்-கெம் என்ற பெயரில் தரநிலையான முறை) அதோடு இன்னும் 1184 பைட் சேர்ந்தது. ஒரு பாக்கெட்டின் கொள்ளளவு 1500 பைட் சுற்றளவுதான், ஆக முதல் வணக்கமே இரண்டு பாக்கெட்டாகப் பிரிந்து போனது. நடுவில் இருந்த ஒரு காவல் பெட்டி முதல் பாக்கெட்டை வாங்கியதும் செய்தி முழுதும் வந்துவிட்டதாக நினைத்து, படிக்க முயன்று, புரியாமல் இணைப்பை வெட்டிவிட்டது. செய்தி எத்தனை துண்டாகவும் வரலாம் என்பது ஆரம்பத்திலிருந்தே விதியில் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடமாக எப்போதும் ஒரே துண்டாக வந்ததால் அந்தத் தப்பு யார் கண்ணிலும் படவில்லை. கணிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசியில் அது ஒரு பாக்கெட்டுக்குள் போய் உட்கார வேண்டும். அந்த இடத்திலும் ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது, அதைச் செய்கிறவர்களுக்குத்தான் பெயரே கிடைப்பதில்லை.

அணிக்கோவை

மறைசாவி, ஒரு மறுப்பு. நீங்கள் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் உலகம் தேர்ந்தெடுத்தது குறியீடுகளை அல்லவே, லாட்டிஸ்களை (பல பரிமாணங்களில் ஒழுங்காக அடுக்கிய புள்ளிக் கட்டங்களை) வைத்த முறைகளைத்தானே? அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியிட்ட மூன்று குவாண்டம்-தாங்கும் தரநிலைகளில் சாவிப் பரிமாற்றத்துக்கான எம்எல்-கெம், கையொப்பத்துக்கான எம்எல்-டிஎஸ்ஏ இரண்டும் லாட்டிஸ், மூன்றாவது ஹாஷ் சார்ந்த கையொப்பம். மின்மினியை நாம் தவறான பக்கம் அனுப்பிவிடக் கூடாது.

மறைசாவி

நல்ல கேள்வி. எம்எல்-கெம்மின் உள்ளே ஒரு பிட் எப்படிப் பயணிக்கிறது என்று பாருங்கள். எல்லா எண்களும் 3329-ஐச் சுற்றிச் சுழல்பவை. 0 என்ற பிட்டை 0 ஆகவும், 1 என்ற பிட்டை 1665 ஆகவும் வைக்கிறார்கள், அதாவது வட்டத்தின் எதிர்ப்பக்கம். மேலே வேண்டுமென்றே இரைச்சல் சேர்கிறது. வாங்குகிறவர் தன் ரகசியச் சாவியால் பெரும் பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சம் 0-க்குப் பக்கமா 1665-க்குப் பக்கமா என்று பார்க்கிறார். இரண்டு மின்னழுத்த அளவுகளில் எது பக்கம் என்று மோடம் செய்கிற அதே முடிவு. லாட்டிஸ் என்று பெயர் மாறினாலும் வேலை இரைச்சலிலிருந்து பிட்டைப் பிரிப்பதுதான். ஐபிஎம்மின் ஜூரிக் ஆய்வகத்திலிருந்துதான் 1982-இல் உங்கர்போக் மோடம்களை வேகப்படுத்திய டிரெல்லிஸ் பண்பேற்றக் கட்டுரை வந்தது. எம்எல்-கெம்மின் மூலமான கைபர் உருவானதிலும் அதே ஆய்வகத்துக்காரர்களுக்குப் பங்கு இருந்தது.

லாட்டிஸை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு பதற்றம் என்று 2024 ஏப்ரலில் எல்லோருக்கும் தெரிந்தது. யிலெய் சென் என்ற ஆய்வாளர், லாட்டிஸ் கணக்கைக் குவாண்டம் கணினியால் வேகமாகத் தீர்க்கலாம் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த எட்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாவது நாள் இருவர் தனித்தனியே அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள், அவரும் நேர்மையாக அதைச் சரிசெய்யத் தெரியவில்லை என்று எழுதினார். 2022-இல் நிஸ்ட் போட்டியில் இருந்த வேறு இரண்டு முறைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ரெயின்போவைப் பியூலன்ஸ் ஒரு மடிக்கணினியில் வாரக் கடைசிக்குள் உடைத்தார். சைக் முறையைக் காஸ்ட்ரிக்கும் டெக்ருவும் ஒற்றைச் செயலி மையத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள், அதற்கு அவர்கள் எடுத்த ஆயுதம் 1997-இல் வந்த ஒரு தூய கணிதத் தேற்றம்.

அதனால்தான் நிஸ்ட் 2025 மார்ச்சில் லாட்டிஸுக்கு மாற்றாக இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தது: எச்க்யூசி. அது முழுக்கக் குறியீடு. உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? வெளியடுக்கில் ரீட்-சாலமன், உள்ளடுக்கில் ரீட்-முல்லர். 1960-உம் 1954-உம்! செவ்வாயைச் சுற்றிய மரைனர் 9, 1971-இல் படம் அனுப்பியது இந்த ரீட்-முல்லர் குடும்பத்துக் குறியீட்டில். அதைப் பூமியில் பிரித்த ஹாடமார்டு உருமாற்றம் என்ற கணக்கு முறைதான் இன்று எச்க்யூசி டிகோடரிலும் ஓடுகிறது. கோடிங் செத்துவிட்டது என்று பேசியதும் அதே 1971-தான்.

மின்மினி

படிக்கப் படிக்க மூச்சு முட்டுகிறது, நன்றி. ஒரு சந்தேகம். நிஸ்ட் போட்டியில் குறியீட்டை வைத்துச் செய்த பைக் என்ற இன்னொரு முறையும் இருந்தது இல்லையா? அதுவும் எல்டிபிசி மாதிரிதான், சாவியும் எச்க்யூசியைவிடச் சின்னது. அதை ஏன் எடுக்கவில்லை? எல்டிபிசி டிகோடர்கள் நமக்கு இவ்வளவு நன்றாகத் தெரியுமே.

மறைசாவி

உங்கள் ஆய்வுத் தலைப்பே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சேனலில் எல்டிபிசி டிகோடர் எப்போதாவது ஒரு பிளாக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும்? மறுபடி அனுப்பச் சொல்வோம், யாருக்கும் நஷ்டமில்லை. என்கிரிப்ஷனில் கதையே வேறு. குவோ, யோஹான்சன், ஸ்டான்கோவ்ஸ்கி மூவரும் 2016-இல் காட்டியது இது: டிகோடர் எப்போது தோற்கிறது என்பது ரகசியச் சாவியைப் பொறுத்தது. சாவியில் இரண்டு ஒன்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும், பிழையில் இரண்டு பிட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஒத்துப்போனால் தோல்வி சற்றுக் குறைகிறது. எதிராளி ஆயிரமாயிரம் செய்திகளை அனுப்பி, எது தோற்றது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால் எந்த இடைவெளிகள் சாவியில் இருக்கின்றன என்று பட்டியல் போட்டுவிடலாம். இடைவெளிகள் தெரிந்தால் சாவியைக் கோத்துவிடலாம். அதனால் தோல்வி 2-ஐ 128 முறை பெருக்கினால் வரும் எண்ணில் ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது என்று கேட்கிறார்கள்.

அவ்வளவு அரிதான ஒன்றை ஓட்டிப் பார்த்து எண்ண முடியாது, பிரபஞ்சத்தின் வயது போதாது. கணிதத்தால் நிறுவ வேண்டும். பைக்குக்கு அந்தக் கணிப்பு இன்னும் முதிரவில்லை என்பதே அது பின்தங்கியதற்கு முக்கியக் காரணம். எச்க்யூசியின் பழைய குறியீடுகளுக்கு அந்தக் கணக்கைத் தெளிவாகப் போட முடிகிறது.

இன்னொரு முரணையும் பாருங்கள். கைபேசியில் டிகோடர் சீக்கிரம் முடித்துவிட்டால் உடனே நிறுத்திவிடுவோம், மின்கலம் மிச்சம். என்கிரிப்ஷனில் அப்படி நிறுத்தினால், எவ்வளவு நேரம் எடுத்தது என்பதிலிருந்தே ரகசியம் கசியும். 2023 டிசம்பரில் கைபரின் சில நிரல்களில் 3329-ஆல் வகுக்கும் இடத்தில் இந்தக் கசிவைக் கண்டுபிடித்தார்கள், சில செயலிகளில் வகுத்தலுக்கு ஆகும் நேரம் எண்ணைப் பொறுத்து மாறும். ஆக, ஒருபோதும் தோற்காத, எப்போதும் ஒரே நேரம் எடுக்கிற எல்டிபிசி டிகோடர் வேண்டும். உங்கள் துறைக்காரர்கள் யாரும் இந்த வழியில் யோசித்துப் பழகவில்லை.

கேள்விக்குறி

குவாண்டம் கணினி வரவே இன்னும் எத்தனையோ வருடம் ஆகும் என்கிறார்கள், இவ்வளவு அவசரம் எதற்கு?

அணிக்கோவை

இன்று போகும் ரகசியச் செய்தியைப் பிடித்து வைத்துவிட்டு, அந்தக் கணினி வந்த அன்று திறக்கலாம் என்பதால். பத்து வருடம் ரகசியமாக இருக்க வேண்டிய கடிதத்துக்கு அவசரம் இன்றைக்குத்தான். எண்களும் சும்மா இருக்கவில்லை. 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க 2 கோடி க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) வேண்டும், 8 மணி நேரம் ஆகும் என்று கிட்னியும் எகெராவும் 2019-இல் கணக்கிட்டார்கள். 2025 மேயில் கிட்னியே அதை 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம் என்று இறக்கினார். இயந்திரம் பெரிதாகவில்லை, கணக்குப் போடும் வழியும் பிழைதிருத்தமும்தான் சீர்ப்பட்டன.

மின்மினி, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கூகுளின் வில்லோ குவாண்டம் சிப், குறியீட்டின் தூரம் (பிழையைத் தாங்கும் திறனின் அளவு) 3, 5, 7 என்று கூடக் கூடப் பிழை ஒவ்வொரு படியிலும் பாதிக்கும் கீழே இறங்குவதை 2024-இல் காட்டியது. அதே வருடம் ஐபிஎம் குழு 144 க்யூபிட்டில் 12 தருக்கக் க்யூபிட்டை (பிழையிலிருந்து காக்கப்பட்ட, கணக்குக்கு உதவும் க்யூபிட்) வைக்கும் குறியீட்டை வெளியிட்டது, சரிபார்க்கும் க்யூபிட்டையும் சேர்த்தால் மொத்தம் 288. அது எந்தக் குடும்பம் என்று நினைக்கிறீர்கள்? குவாண்டம் எல்டிபிசி. பூட்டை உடைக்க வரும் இயந்திரமும் கல்லாகர் குறியீட்டைத்தான் தேடுகிறது, உடையாத புதுப் பூட்டு செய்ய நினைத்தவர்களும் அதன் உறவுக்காரக் குறியீட்டைத்தான் எடுத்தார்கள்.

மின்மினி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பேசுவதற்கு முன்னால் கையால் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஆயிரம் பிட்டுக்குச் சமவாய்ப்பில் ஒரு எல்டிபிசி அணியை (எந்தப் பிட் எந்தச் சரிபார்ப்பில் வரும் என்று சொல்லும் கட்டம்) உருவாக்கி, பிட்டைப் புரட்டிப் பார்க்கும் எளிய டிகோடர் எழுதினேன். பெரும்பாலும் ஓடியது. ஆனால் சில பிளாக்குகள் மட்டும் முடிவே இல்லாமல் சுற்றின. ஒவ்வொரு சுற்றிலும் என்ன மாறுகிறது என்று அச்சிட்டுப் பார்த்தால், அதே இரண்டு பிட்டுகள் இந்தச் சுற்றில் 1, அடுத்த சுற்றில் 0, மறுபடி 1 என்று மாறிக்கொண்டே இருந்தன. ஒரு மாலை முழுக்க நிரலில் தப்பு தேடினேன். தப்பு அணியில் இருந்தது. அந்த இரண்டு பிட்டும் ஒன்றல்ல, இரண்டு சரிபார்ப்புகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன, ஒன்றின் பிழை மற்றதன் மேல் பழியாக விழுந்துகொண்டே இருந்தது. புத்தகத்தில் நீளம் நான்கு சுழற்சி என்று ஒரு வரியில் கடந்துபோன விஷயம். அப்படிப்பட்ட ஜோடிகளை எல்லாம் நீக்கியதும் அந்த வகைத் தோல்வி நின்றது. மறைசாவி, அடுத்து என்ன செய்யட்டும்?

மறைசாவி

அணியை வட்டச்சுழற்சியாக மாற்றுங்கள், ஒரு வரிசையை ஒவ்வொரு இடமாக நகர்த்தினால் மற்ற வரிசைகள் கிடைக்க வேண்டும். அந்த முதல் வரிசைதான் உங்கள் ரகசியம். பிழையை வேண்டுமென்றே சற்று அதிகமாக வையுங்கள், அடிக்கடி தோற்கட்டும். தோற்ற பிளாக்குகளில் பிழை பிட்டுகளுக்கு நடுவே எந்த இடைவெளி எத்தனை தடவை வந்தது என்று மட்டும் எண்ணுங்கள். வேறு எதையும் பார்க்காதீர்கள்.

மின்மினி

எண்ணிவிட்டேன். நீளம் 101 உள்ள இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து ஒன்றுகள், ஐந்துக்கும் நடுவே உள்ள பத்து இடைவெளிகளும் வேறுவேறாக இருக்கும்படி எடுத்துக்கொண்டேன். முதல் வட்டத்தில் விழுந்த பிழைகளை மட்டும் எடுத்து, ஐம்பது இடைவெளிகளுக்கும் பட்டை வரைந்தேன். முதல் மணி நேரம் வெறும் இரைச்சல். ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் சில பட்டைகள் மட்டும் மற்றவற்றைவிடக் குள்ளமாக நின்றன. டிகோடர் எனக்குச் சொன்னது சரி, தப்பு என்ற இரண்டு சொல்தான், அதிலிருந்து நான் ஒளித்து வைத்த வரிசை மெல்ல வெளியே வருகிறது. நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு தடவை அறைக்குள் நடந்தேன்.

குள்ளமான பத்துப் பட்டைகளை எடுத்து என் வரிசையோடு ஒப்பிட்டேன். ஒன்பது சரி. பத்தாவது இன்னும் இரைச்சலுக்குள் கிடக்கிறது, இன்றைக்கும் ஓடவிட்டிருக்கிறேன். திங்கட்கிழமை இந்தப் பட்டைப் படத்தோடு வழிகாட்டியைப் பார்க்கப் போகிறேன்.